ஆயுத பூஜை அன்று எடுத்த படம்

உத்திரமேரூரிலிருந்து வந்த டவுன் பஸ் கூட்டுரோட்டில் திரும்பியபோது இளமதி தன் முகத்தையே பார்த்தாள். பத்தடி உயரப் பேனரில் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டுமே ஒரு முறம் அகலம் இருக்கும். கறுத்த பெண்ணை வெளுப்பாக்காவிட்டால் பிளக்ஸ் கடைக்காரர்களுக்குத் தூக்கம் வராது. இவளையும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து சீட்டு அம்மா பேனரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம்பிக்கை வராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'முனைவர் மு. இளமதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பட்டம் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் வைவா. ஆறு வருஷம் செய்த ஆராய்ச்சியை இரண்டு தேர்வாளர்கள் முன்னால் நின்று விளக்கி, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் அந்த நாலெழுத்து பேருக்கு முன்னால் ஏறும். இன்றைக்குச் சனிக்கிழமைதான். பேனருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அதன் கீழே அவள் அப்பா முனிரத்தினம் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக அடுத்தவர் டிராக்டரில் ஏறி அடுத்தவர் நிலத்தை உழுகிறவர். ஏதோ நிழலுக்கு ஒதுங்கிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறார் என்பது டீக்கடைக்காரரின் சிரிப்பிலேயே தெரிந்தது. அந்தக் கூட்டுரோட்டில் கட்சிக்காரர்கள் பேனர் வைத்திருக்கிறார்கள். நிலக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வைத்திருக்கிறார்கள். காலனியிலிருந்து ஒரு முகம் அங்கே ஏறியது இதுதான் முதல் தடவை. அந்த இடத்தைப் பிடிக்க அவர் ஒரு வாரம் அலைந்திருந்தார். யார் யாரிடம் என்னென்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதை வீட்டில் மூச்சுவிடவில்லை.

"இன்னா நைனா இது, எனக்கு வெக்கமா கீது," என்றாள் இளமதி. வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி.

"வெக்கப்பட இன்னா கீது? மொதல்ல படிச்சிப் பாரு."

பேனரின் இடது பக்கம் அவள். வலது பக்கம் அவளுடைய கண்டுபிடிப்பு: கறுப்புப் பின்னணியில், நடுவிலிருந்து இரண்டு புறமும் வளைந்து வளைந்து விரியும் ஒளி வரிகள். போன பிப்ரவரியில் கட்டுரை வெளியானபோது அவளே அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய படம். அன்று முதல் அவர் போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். கீழே பிளக்ஸ் கடைப் பெருமாளின் கைவரிசையில் மூன்று வரி:

ஆயுத பூஜை நன்னாளில்
அணுவையே படம் பிடித்த
எங்கள் கலைமகளே, வருக! வருக!

இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோனைக்காகப் பெருமாள் போட்டிருப்பார் என்று நினைத்தாள்.

"ஆயுத பூஜ எங்கேந்து நைனா வந்திச்சி இதுல?"

"அட, தேதியப் பாரும்மா. படத்து மூலைல கீய கீது பாரு, பொடி எழுத்துல. போன்ல பாத்தா தெரியாது. பெருமாளு கம்பூட்டர்ல பெருசாக்கினப்பதான் என் கண்ணுல பட்டுச்சி. பதினொண்ணு, பத்து, இருவத்திநாலு. எங்கியோ பாத்த தேதியா கீதேன்னு ஒரே பேஜாரா பூடுச்சி. அப்பால நெனப்பு வந்திச்சி, ஆயுத பூஜ. உன்னோட இந்த போட்டோவும் அன்னிக்கி நான் எடுத்ததுதான. ரெண்டும் ஒரே நாளு. சரஸ்வதியே உம்பக்கம் நின்னுகினு கீறான்னு பெருமாளாண்ட சொன்னேன். அவன்தான் எழுதிப்புட்டான்."

இளமதி மூலையைப் பார்த்தாள். கையளவு பெரிய எண்கள், வெள்ளை வெளேரென்று. 11-10-24. அதன் பக்கத்தில் 14:07.

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தப் படத்தை எப்படி எடுப்பது என்பதை பிப்ரவரியில் அம்மா அம்முலுவுக்கு அவள் ஒருமுறை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு சின்ன அறையில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆர்கான் வாயுவைக் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் இரண்டு மூன்று துளி நேரம்தான் அந்த ஒளி இருக்கும். அதற்குள் அது ஊஞ்சல் போல முன்னும் பின்னும் வீசும். வீசுகிற வேகத்தில் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஒரு வீச்சுக்குள் அது கிளம்புவதற்கு இரண்டு தருணங்கள் உண்டு. எதில் கிளம்பினாலும் திரையில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். எதில் கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் இரண்டிலும் கிளம்பியதாகவே ஆகிவிடுகிறது. இரண்டு புறப்பாடும் இரண்டு அலைகளாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சேர்ந்துகொள்ளும் இடத்தில் வெளிச்சம், அடித்துக்கொள்ளும் இடத்தில் இருட்டு. லட்சக்கணக்கான எலக்ட்ரான்கள் புள்ளி புள்ளியாக விழுந்து முடித்த பிறகு திரையில் வரிகள் நிற்கும்.

"ஒருத்தியே ரெண்டு நேரத்துல கெளம்புவாளாமா?" என்று அன்றைக்கு அம்முலு கேட்டாள். "எப்பக் கெளம்புனேன்னு அவளாண்டயே கேக்கறதுதான?"

"கேட்டா வரி அழிஞ்சிடும்மா."

"நல்லா கீது உங்க ஞாயம்."

கண்டுபிடிப்பு என்பது வரிகள் அல்ல. வரிகளை உலகத்தில் பலரும் பார்த்தாயிற்று. கிளம்பிப் போகும் எலக்ட்ரானை, பின்னால் நிற்கும் அணு இழுக்கும் அல்லவா? அந்த இழுப்பில் வரிகள் கொஞ்சம் உள்பக்கம் நகர வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இளமதியின் படத்தில் நகரவில்லை. இழுப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு அவள் எழுதிய சமன்பாடு எங்கே வரிகளைப் போட்டதோ, அங்கேயே மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. அவள் வைத்த அமைப்பில் அணுவின் இழுப்பு தெரிவதே இல்லை என்பதுதான் கட்டுரை. அதை நம்பாத ஒரே ஆள் அம்முலு. "உட்டுட்டுப் போறத இழுக்காம இருக்குமா? பெத்தவ வயிறு இழுக்கல?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது கூட்டுரோட்டில் நின்றுகொண்டு இளமதி சொன்னாள்: "கேமரா கடியாரம் தப்பா ஓடியிருக்கும் நைனா."

"தப்பா ஓடல. நான் பாத்துட்டேன்," என்று முனிரத்தினம் போனை நீட்டினார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. "தோ பாரு. உன்ன நான் எடுத்தது ரெண்டு மணி ஒம்பது நிமிசம். உன் படம் ரெண்டு ஏயு. ரெண்டு நிமிசந்தான் வித்தியாசம்."

போனில் அந்தப் புகைப்படம், வெள்ளையடிக்காத நிஜ முகத்தோடு. வாழைக்கன்று கட்டி, மாலை போட்ட டிராக்டர். அதன் மட்கார்டுமேல் இளமதி. மடியில் லேப்டாப், அதன் மூடியில் அப்பா வைத்த சந்தனமும் குங்குமமும். வாயில் பொரிகடலை. பின்னால் தெரிவது சந்தேகமே இல்லாமல் இந்த ஊர் ஏரிக்கரை.

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க எலக்ட்ரானுக்குத்தான் அனுமதி, இளமதிக்கு இல்லை. அவள் ஏரிக்கரையில் இருந்தாள் என்றால் ஆய்வுக்கூடத்தில் அந்தப் படத்தை எடுத்தது யார்?

யாரும் எடுத்திருக்க முடியாது. முந்தின நாள், பத்தாம் தேதி சாயங்காலமே ஆய்வுக்கூடத்தில் பூஜை முடிந்துவிட்டது. லேசருக்கு ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பாமல் அது உயிர் பெறாது. டெக்னீசியன் செந்தமிழன் அந்தச் சாவியைக் கழற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் தட்டில் வாழைப்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே வைத்தார். விஜயதசமி அன்று திரும்ப எடுத்துப் போடும்வரை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே வருஷா வருஷம் உள்ள வழக்கம். அறையைப் பூட்டிய பிறகுதான் அவள் பஸ் ஏறினாள். பதினோராம் தேதி முழுக்க லேசர் நெற்றியில் பொட்டோடு இருட்டில் கிடந்தது.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி பூடுச்சி?" என்றார் முனிரத்தினம்.

"வூட்டுக்குப் போலாம் நைனா. சீக்கிரம் போ."

வீட்டில் அம்முலு நாஷ்டாவுக்கு இட்லியும் வடகறியும் செய்து வைத்திருந்தாள். இளமதி கையைக் கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து, படமாகத் திறக்காமல், அதன் உள்ளே ஒளிந்திருக்கும் குறிப்புகளைப் பார்த்தாள். இத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் அதைச் செய்ததில்லை. செய்யத் தோன்றவில்லை, படம் அவ்வளவு அழகாக இருந்தது.

இரண்டாவது வரியில், அவளே தட்டச்சு செய்த வார்த்தை இருந்தது: மாதிரி-7.

அவளுக்குக் காது அடைத்துப் போனது. அம்மா ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. படங்களை அலசுவதற்கு அவள் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் பொய்ப் படம் ஒன்றைச் செய்து அதற்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எல்லா ஆய்வுக்கூடத்திலும் நடக்கிற வேலைதான், தப்பே இல்லை. ஆயுத பூஜை அன்று டிராக்டர்மேல் உட்கார்ந்து அவள் செய்ததும் அதுதான். தன் சமன்பாட்டை எடுத்து, அதிலிருந்து ஒரு படம் வரையச் சொன்னாள். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிற பெண். பொய்ப் படத்துக்கும் நிஜப் படத்தின் அதே நிறம், அதே பொரிப்பொரியான புள்ளிகள், திரையில் இருந்த அதே கீறல். கேமரா புரோகிராமிலிருந்து ஒரு பகுதியை அப்படியே எடுத்து ஒட்டியதால் மூலையில் தேதியும் நேரமும் தானாக விழுந்தன. டிசம்பரில் பழைய ஹார்டு டிஸ்க் பழுதானபோது, அக்டோபர் தேதி போட்ட கோப்புகள் எல்லாவற்றையும் அள்ளி ஒரே இடத்தில் போட்டாள். ஜனவரியில் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது இரண்டு ஆர்கான் படங்கள் கண்முன்னால் இருந்தன. ஒன்று பத்தாம் தேதிப் படம், மங்கல். இன்னொன்று பதினோராம் தேதிப் படம், துல்லியம். அது ஆயுத பூஜை நாள் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. எதை எடுப்பாள்? யாராயிருந்தாலும் எதை எடுப்பார்கள்? கட்டுரைக்காக ஓரங்களை வெட்டியபோது தேதியும் போய்விட்டது. வெட்டாத முழுப் படம் உலகத்திலேயே இன்னொருவரிடம்தான் இருந்தது. அவர் அதை பிளக்ஸில் அடித்துக் கூட்டுரோட்டில் மாட்டிவிட்டார்.

படம் சமன்பாட்டோடு பொருந்தாமல் என்ன செய்யும்? அந்தச் சமன்பாடு வரைந்த படம்தானே அது. ஜெராக்ஸை அசலுக்குப் பக்கத்தில் வைத்து, அடடா என்ன ஒற்றுமை என்று உலகத்துக்கே அவள் கடிதம் எழுதியிருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது. ஒரு மாநாட்டில் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எழுந்து போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவினாள்.

திரும்பி வந்து வழிகாட்டிப் பேராசிரியர் தமிழ்வாணனுக்குப் போன் செய்தாள். நல்ல மனிதர். ஆறு வருஷத்தில் ஒருநாள் கூடக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஹாஸ்டல் உணவு ஒத்துக்கொள்ளாமல் அவள் படுத்தபோது வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டு வந்தவர்.

"சார், பேப்பர்ல மூணாவது படம் நாம எடுத்தது இல்ல சார். என் புரோகிராம் வரைஞ்ச மாதிரிப் படம். கலந்து போச்சு. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

அவர் கேட்டார்: "வேற யாருக்காவது தெரியுமா?"

எப்படி என்று கேட்கவில்லை. நிச்சயமா என்றும் கேட்கவில்லை. அந்த முதல் கேள்வியில் இளமதி ஆடிப்போனாள். மாதிரிப் படத்தைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது.

"சார்?"

"பதறாதம்மா. திங்கட்கிழமை வைவா முடியட்டும். தேர்வாளர் ரெண்டு பேரும் அறிக்கை நல்லாத்தான் குடுத்திருக்காங்க. பட்டம் கைக்கு வந்தப்புறம் திருத்தம்னு ஒண்ணு சத்தமில்லாம அனுப்பிக்கலாம். இப்ப யார்கிட்டயும் பேசாத."

"ஊருக்கே தெரியும் சார்."

"என்ன?"

"பேனர் வெச்சிட்டாங்க சார். தேதியோட. ஆயுத பூஜை அன்னைக்கு எடுத்த படம்னு எழுதியிருக்காங்க. அன்னைக்குச் சாவி தட்டுல இருந்துது. கற்பூரம் காட்டினதே நீங்கதான் சார்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார்: "இளமதி, உங்க ஊர்ல அது யாருக்கும்மா புரியப் போகுது?"

"எங்க நைனாவுக்குப் புரிஞ்சுது சார்," என்றாள். "அவர்தான் பார்த்துச் சொன்னார்." போனை வைத்தாள்.

நிமிர்ந்தபோது முனிரத்தினம் கதவருகே நின்றிருந்தார். பின்னால் அம்முலு, கையில் கரண்டியோடு.

"நான் இன்னாம்மா சொன்னேன்?" என்றார் அவர்.

இளமதி அவரை உட்காரச் சொன்னாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எலக்ட்ரானை எல்லாம் விட்டுவிட்டாள்.

"நைனா, ஆயுத பூஜ அன்னிக்கி உன் டிராக்டரு எங்க இருந்திச்சி?"

"ஷெட்டுல. மால போட்டுக்கினு."

"அன்னிக்கி நாலு ஏக்கரா உழுதேன்னு நீ யாராண்டயாவது சொன்னா?"

"சாவியே தட்டுல கீது, எப்டிம்மா உழுவறது..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் நிறுத்தினார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "உங்க மெஷினுக்கும் சாவி உண்டா?"

"உண்டு நைனா. அதுவும் தட்டுலதான் இருந்திச்சி."

"நீ வேணும்னு செஞ்சியா?"

"இல்ல. ரெண்டு படம் கலந்து பூடுச்சி. நல்லா இருந்தத எடுத்துக்கினேன்."

"சொல்லாம உட்டா கண்டுபுடிப்பாங்களா?"

"மாட்டாங்க. நீ காட்டலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது."

அது அவரை அடித்துப் போட்டது. "நான்தான் காட்டிக் குடுத்துட்டனா?" என்றார். "ஐயோ, ஒரு மூலைல பொடி எழுத்தா கெடந்தத நான்தான் பெருசாக்கி மாட்டினேன். தேதி வேணாம், வெட்டிடறேன்னு சொன்னான் பெருமாளு. நான்தான் வேணும்னேன்."

அவர் கண் கலங்கியதை இளமதி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவளுக்கும் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டம் பூடுமா?" என்று கேட்டாள் அம்முலு.

"தெரியலம்மா. தள்ளிப் போலாம். மொத்தமாவும் போலாம்."

"கூட்டுரோட்டுல சிரிப்பானுங்க," என்றார் முனிரத்தினம். வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "இந்தத் தெருவுக்கு எதுக்குடா பேனருன்னு அன்னிக்கே கேட்டானுங்க. இப்ப வாயால சிரிக்க மாட்டானுங்க."

இளமதி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு தேர்வாளர்களுக்கும், கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும், பேராசிரியருக்கும் சேர்த்து ஒரே மெயில். ஐந்து வரிதான். மூன்றாவது படம் சோதனையில் எடுக்கப்பட்டது அல்ல, அது என் கணினி வரைந்தது, அந்த நாளில் லேசர் இயங்கவில்லை, தவறு என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். விரலை அனுப்பும் பொத்தான்மேல் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அழுத்தினாள். ஆறு வருஷம் போய்ச் சேர இரண்டு நொடி ஆனது.

"பேனர எறக்கணும்," என்று எழுந்தார் முனிரத்தினம். "ஏணி எடுத்தாறேன்."

"எதுக்கு எறக்கணும்?" என்றாள் அம்முலு. கரண்டியை அப்போதுதான் கீழே வைத்தாள். "எம் பொண்ணு மூஞ்சி இன்னா தப்பு பண்ணிச்சி? தப்பு அந்தப் படத்துலதான கீது? படத்த மாத்து, கீய கீற ஆயுத பூஜ வரிய எடு. மேல கீது பாரு முனைவரு, அதையும் மறச்சிடு. வரட்டும், வந்தப்பறம் தொறந்துக்கலாம். அன்னிக்கி எடுக்கலன்னா எப்ப எடுத்துதோ அத்த ஒட்டு."

அப்போதுதான் இளமதிக்கு பத்தாம் தேதிப் படம் ஞாபகம் வந்தது. 'பழுது' என்று பெயர் வைத்து ஒரு கோப்புறையில் போட்டு வைத்திருந்தாள். ஜனவரியில் அதைப் பார்த்தபோது வரிகள் சமன்பாடு சொன்ன இடத்தில் இல்லை. கண்ணாடி கொஞ்சம் கோணியிருக்கும், கருவி சரியில்லை என்று முடிவுகட்டி ஒதுக்கிவிட்டாள். பூஜை விடுமுறை முடிந்ததுமே வேறு வாயுவுக்குப் போய்விட்டிருந்ததால், ஆர்கானில் ஒப்பிட வேறு படமும் இல்லை. மறுபடி அதைத் திறக்கவே இல்லை.

இப்போது திறந்தாள். மங்கலாகத்தான் இருந்தது. வரிகள் உடைந்து உடைந்து போயின. அளந்து பார்த்தாள். வலது பக்க வரிகள் உள்பக்கம் நகர்ந்திருந்தன. இடது பக்கமும் அதே அளவு நகர்ந்திருந்தன. கண்ணாடி கோணியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்ளே வராது. இன்னொரு முறை அளந்தாள். அதே கணக்குத்தான்.

அணு இழுத்திருந்தது. அம்மா சொன்ன மாதிரியே இழுத்திருந்தது. லேசரை ஓட்டி, ஆர்கானைக் கேட்டு, அது சொன்ன ஒரே பதில் இது. அதைப் பழுது என்று குப்பையில் போட்டுவிட்டு, தான் சொன்னதைத் தானே திருப்பிச் சொல்லிக்கொண்டதை உண்மை என்று ஏழு மாதம் தலையில் வைத்துக் கூத்தாடியிருக்கிறாள். இளமதி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வந்த அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. இதற்குத் தேதி காரணமில்லை, டிஸ்க் காரணமில்லை. இது முழுக்க முழுக்க அவள் செய்தது.

மத்தியானம் இரண்டு பேரும் எக்ஸெல்லில் உத்திரமேரூர் போனார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெருமாளின் பிளக்ஸ் கடை. வழியில் அவள் போன் நான்கு முறை அடித்தது, நான்கும் பேராசிரியர். அவள் எடுக்கவில்லை. என்ன சொல்வார் என்று கேட்கிற தெம்பு அப்போது அவளுக்கு இல்லை.

பெருமாள் பென்டிரைவை வாங்கிச் செருகி, படத்தைத் திரையில் விரித்தார். விரித்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இன்னா மேடம் இது, கலங்கலா கீது? கொஞ்சம் பளிச்சுனு பண்ணிக் குடுக்கட்டா? வரியெல்லாம் நேராக்கிடலாம், ரெண்டு நிமிச வேல."

"ஒண்ணும் பண்ணாதீங்க," என்றாள் இளமதி. "மூலைல தேதிய மட்டும் வெட்டாம போடுங்க."

முனிரத்தினம் மகளின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். மங்கிப் போன வரிகள், நடுநடுவே விட்டுப்போன இடங்கள், மூலையில் 10-10-24. கூட்டுரோட்டில் நின்று சிரிக்கப்போகிறவர்களை நினைத்தாரோ என்னவோ, முகம் சுருங்கியது.

"இது ஒண்ணும் நல்லா இல்லியேம்மா," என்றார்.

"இல்லதான் நைனா," என்றாள் அவள். "ஆனா அன்னிக்கி மெஷினு ஓடிச்சி."